பஜேரோவில் முன்சக்கர விளக்கு சிமிட்டினால்: சரிசெய்வதா, பூட்டிவிடுவதா, அப்படியே விடுவதா?

பழைய பஜேரோ எஸ்எஃப்எக்ஸ் வைத்திருப்பவர்கள் பலர் இந்தக் கோளாறை ஒருநாள் சந்தித்திருப்பார்கள். மழை தூறுகிறது, மலைப்பாதை ஏறப்போகிறோம் என்று லீவரை 2எச்சிலிருந்து (பின்சக்கரங்களுக்கு மட்டும் சக்தி) 4எச்சுக்கு (நான்கு சக்கரங்களுக்கும்) தள்ளுகிறோம். டேஷ்போர்டில் உள்ள வண்டிப் படத்தில் முன்சக்கர விளக்குகள் இரண்டும் சிமிட்ட ஆரம்பிக்கின்றன. சில விநாடிகளில் அவை நிலையாக எரிய வேண்டும். ஆனால் எவ்வளவு தூரம் ஓட்டினாலும் சிமிட்டிக்கொண்டே இருக்கின்றன.

பட்டறைக்குப் போனால் ஆளுக்கொரு யோசனை வரும். "ட்ரான்ஸ்ஃபர் கேஸ் போச்சு சார், புதுப்பேட்டையில ஒண்ணு பார்த்து மாத்திடலாம்" என்பார் ஒருவர். "முன் ஷாஃப்டைக் கழட்டிட்டு டூ வீல்லயே ஓட்டுங்க" என்பார் இன்னொருவர். "லைட்டு எரிஞ்சா என்ன, எரியலன்னா என்ன, வண்டி ஓடுதுல்ல" என்பவரும் உண்டு. கையில் எடுக்க வேண்டிய வழி எது என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: கோளாறு உண்மையில் எங்கே இருக்கிறது, இந்த வண்டியை நீங்கள் எங்கே ஓட்டுகிறீர்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்சக்கர விளக்கு மட்டும் சிமிட்டுகிறது என்றால் ட்ரான்ஸ்ஃபர் கேஸை, அதாவது இன்ஜின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்பும் பெட்டியை, மாற்றச் சம்மதிக்காதீர்கள். வேக்குவம் (காற்றை உறிஞ்சும்) ஹோஸ், சோலனாய்டு (மின்சார வால்வு), ஆக்சிலில் உள்ள சுவிட்ச் ஆகியவற்றைச் சரிசெய்து பாருங்கள். முன் ஆக்சிலைச் சேர்த்துப் பிரிக்கும் ஆக்சுவேட்டரே போயிருந்து, நீங்கள் மலையிலோ எஸ்டேட்டிலோ இருப்பவர் என்றால், முன் ஆக்சிலை நிரந்தரமாகப் பூட்டிவிடுவதே நல்லது. ஏன் என்று சொல்வதற்கு முன் இந்த அமைப்பு வேலை செய்யும் விதத்தைப் பார்த்துவிடுவோம்.

மிட்சுபிஷி, சூப்பர் செலக்ட் என்ற இந்த நான்கு சக்கர முறையை 1991-இல் இரண்டாம் தலைமுறை பஜேரோவோடு கொண்டுவந்தது. நம் ஊருக்கு அந்த வண்டி 2002-இல் எஸ்எஃப்எக்ஸ் என்ற பெயரில், 2.8 லிட்டர் டீசல் இன்ஜினோடு ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வழியாக வந்தது. லான்சரைத் தயாரித்த அதே திருவள்ளூர் ஆலைதான். அந்த ஆலையிலிருந்து இன்று வெளியே வருபவை சிட்ரோன் கார்கள். பஜேரோ பாகங்களுக்கு அங்கே போய் நிற்க முடியாது. பாகம் கிடைப்பது என்ற கேள்வி இந்த முடிவில் எவ்வளவு பெரியது என்பது இதிலிருந்தே தெரியும்.

லீவரில் நான்கு நிலைகள்: 2எச், 4எச், 4எச்எல்சி (நடு டிஃபரன்ஷியல் பூட்டிய நிலை), 4எல்எல்சி (அதே பூட்டோடு தாழ்ந்த கியர்). ஜிப்சி, பழைய தார், ஸ்கார்ப்பியோ போன்றவற்றில் நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். அதனால் காய்ந்த தார்ச்சாலையில் அதைப் பயன்படுத்தக் கூடாது. பஜேரோவில் முன்னும் பின்னும் வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் ஒன்று நடுவே இருக்கிறது, அதோடு அந்த வேக வித்தியாசம் அதிகமானால் இழுத்துப் பிடிக்கும் விஸ்கஸ் கப்ளிங்கும். அதனால் 4எச்சில் தார்ச்சாலையிலும் தாராளமாக ஓட்டலாம். 100 கிலோமீட்டர் வேகம் வரை ஓடிக்கொண்டிருக்கும்போதே 2எச்சிலிருந்து 4எச்சுக்கு மாறலாம். மழையில் நனைந்த ஊட்டி சாலையிலோ வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலோ இதன் அருமை தெரியும். இந்த வண்டியை இன்னும் வைத்திருப்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல காரணமும் அதுதான். ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்த 4எச் கையில் இருக்கிறதா, போய்விடுகிறதா என்று பார்த்துத்தான் தேர வேண்டும்.

2எச்சில் ஓடும்போது முன் புரொப்பல்லர் ஷாஃப்ட் (முன் ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு) வீணாகச் சுற்றக் கூடாது என்பதற்காக முன் ஆக்சிலில் ஒரு ஃப்ரீவீல் கிளட்ச் வைத்திருக்கிறார்கள். ஒரு பக்க ஆக்சில் ஷாஃப்டை இரண்டாகப் பிரித்து, நடுவில் பல் வைத்த ஒரு ஸ்லீவ். ஸ்லீவ் ஒரு பக்கம் நகர்ந்தால் இரண்டு துண்டும் சேரும், மறுபக்கம் நகர்ந்தால் பிரியும். அதை நகர்த்துவது வேக்குவம் ஆக்சுவேட்டர். ஆக்சுவேட்டருக்கு இரண்டு ஹோஸ், அவற்றைத் திறந்து மூட இரண்டு சோலனாய்டு. ஸ்லீவ் போய்ச் சேர்ந்ததா என்று சொல்ல ஆக்சில் ஹவுசிங்கில் ஒரு சுவிட்ச். "சேர்ந்துவிட்டது" என்ற தகவல் அந்தச் சுவிட்சிலிருந்து வராதவரை முன்சக்கர விளக்கு சிமிட்டும்.

நடுவில் உள்ள ஆரஞ்சு விளக்கு சிமிட்டினால் அது வேறு கதை. அது நடு டிஃபரன்ஷியல் பூட்டைக் குறிப்பது. ட்ரான்ஸ்ஃபர் கேஸில் உள்ள சுவிட்சுகளையும் உள்ளே இருக்கும் ஃபோர்க்கையும் பார்க்க வேண்டியிருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தேவையில்லாமல் ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பணம் கட்டுகிறார்கள்.

இனி சோதனைகள். இவற்றைச் செய்யாமல் எந்த வழியையும் ஒப்பிட முடியாது.

முதலாவதற்குக் கருவியே வேண்டாம். சமதரையில் 2எச்சில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, இன்ஜினை அணைத்துவிட்டு அடியில் படுத்து முன் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். எளிதாகச் சுற்றினால் ஃப்ரீவீல் பிரிந்திருக்கிறது, 2எச்சுக்கு அதுதான் சரி. அசையவே மறுத்தால் ஸ்லீவ் சேர்ந்த நிலையிலேயே சிக்கியிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து 4எச் பக்கம். இன்ஜின் ஓடும்போது லீவரை 4எச்எல்சியில் போட்டு, மண்தரையில் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். பிறகு இன்ஜினை அணைத்து, சாவியை ஆன் நிலையில் வைத்து, கியரில் விட்டு, பின்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் முட்டு வைத்து, ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு கொடுங்கள். அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் கொடுத்துவிட்டு நின்றால் முன் ஆக்சில் உண்மையாகவே இணைந்திருக்கிறது. கோளாறு சுவிட்சிலோ வயரிலோதான். சக்கரம் தாராளமாகச் சுற்றினால் ஃப்ரீவீல் சேரவில்லை. எந்தப் பக்கத்துச் சக்கரத்தைத் தூக்கினாலும் விடை ஒன்றுதான்.

மூன்றாவது, வேக்குவம். ஆக்சுவேட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் கழற்றி, இன்ஜின் ஐடிலில் ஓட, முனையில் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். இன்னொருவர் லீவரை மாற்றட்டும். வண்டி நியூட்ரலில், ஹேண்ட்பிரேக்கோடு, முட்டோடு இருக்கட்டும். 2எச்சில் ஒரு ஹோஸ் இழுக்க வேண்டும், 4எச்சில் மற்றது இழுக்க வேண்டும். இரண்டும் சரியாக இழுத்தும் ஸ்லீவ் நகரவில்லை என்றால் ஆக்சுவேட்டர் டயஃப்ரம் (உள்ளே உள்ள ரப்பர் படலம்) கிழிந்திருக்கும், இல்லை ஸ்லீவே துருப்பிடித்து இறுகியிருக்கும். இழுப்பே இல்லை என்றால் ஹோஸ், சோலனாய்டு, வயரிங். கை வேக்குவம் பம்ப் ஒன்று வைத்திருக்கும் மெக்கானிக் என்றால் ஆக்சுவேட்டரைத் தனியாக இழுத்துப் பார்த்து முள் இறங்குகிறதா என்று உடனே சொல்லிவிடுவார்.

அப்புறம் ஆக்சில் ஆயில். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சென்னை வண்டி என்றால், குறிப்பாக 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் மழையிலோ தண்ணீரில் நின்ற வண்டி என்றால், முன் டிஃபரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அப்படியானால் ஹோஸ் மாற்றி எந்தப் பயனும் இல்லை. ஹவுசிங்கைத் திறந்து ஸ்லீவைச் சுத்தம் செய்தாக வேண்டும்.

சரி, இப்போது வழிகளுக்கு வருவோம்.

எதையும் தொடாமல் 2எச்சிலேயே ஓட்டுவது முதல் வழி. சமவெளியில், நகரத்தில் மட்டும் ஓடும் வண்டிக்கு இதில் பெரிய தவறில்லை. ஆனால் இரண்டு நிபந்தனை உண்டு. டீசல் இன்ஜினில் வேக்குவம் தானாகக் கிடைப்பதில்லை, அதற்கென்று ஒரு பம்ப் இருக்கிறது. பிரேக் பூஸ்டரும் அந்தப் பம்பை நம்பித்தான் இருக்கிறது. நான்கு சக்கர அமைப்பின் ஹோஸ் எங்காவது உடைந்து காற்றை இழுத்துக்கொண்டிருந்தால் பிரேக் மிதியும் கடினமாகலாம். ஆகவே குறைந்தபட்சம் அந்த லைனை அடைத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். இன்னொன்று, விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும்போது 4எச்சில் நீண்ட தூரம் போகாதீர்கள். முன்பக்கம் பிடிப்பே இல்லாததால் நடு டிஃபரன்ஷியல் சக்தியை அந்தப் பக்கமே அனுப்பப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்தும் வேலை முழுவதும் விஸ்கஸ் கப்ளிங் தலையில் விழும். அது சூடாகிக் கெட்டால் அதற்குப் பிறகு ஆகும் செலவுதான் பெரிய செலவு. இந்த ஒரு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம் என்று மன்றாடியே கேட்டுக்கொள்வேன்.

இரண்டாவது வழி, கம்பெனி வடிவமைத்தபடியே சரிசெய்வது. எங்கே தொடங்குவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: ஹோஸ். இந்த வண்டிகளில் மிகப் புதியதற்கே பத்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது. இன்ஜின் சூட்டில் ரப்பர் கட்டையாகி, முனையில் வெடித்திருக்கும். பார்வைக்கு நன்றாகத் தெரிந்தாலும் வளைத்துப் பார்த்தால் கீறல் தெரியும். எல்லா ஹோஸையும் ஒரே நேரத்தில் மாற்றினாலும் செலவு அதிகமில்லை. வேக்குவத்துக்கென்று விற்கும் தடித்த ஹோஸாக இருக்க வேண்டும். மீன் தொட்டிக் குழாய் போன்ற மெல்லியதைப் போட்டால் சூட்டில் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும், சில வாரத்தில் அதே விளக்கு மறுபடி சிமிட்டும். மாற்றும்போது ஒவ்வொரு ஹோஸுக்கும் டேப் ஒட்டி அடையாளம் போடச் சொல்லுங்கள். இரண்டு ஹோஸ் இடம் மாறினால் 2எச்சில் சேரும், 4எச்சில் பிரியும். இப்படி மாட்டிவிட்டு ட்ரான்ஸ்ஃபர் கேஸைக் குற்றம் சொன்ன பட்டறையும் உண்டு.

அடுத்தது சுவிட்ச். ஆக்சிலுக்கு அடியில் சேறும் தண்ணீரும் பட்டுக்கொண்டே இருக்கும் இடம் அது. கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சைக் களிம்பு பிடித்திருக்கும், வயர் கனெக்டரை ஒட்டி அறுந்திருக்கும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். ஜாக்கி சோதனையில் முன்சக்கரம் நின்றது, ஆனாலும் விளக்கு சிமிட்டுகிறது என்றால் இங்கேயே தேடுங்கள். கடலோர ஊர் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

சோலனாய்டும் பயமுறுத்தும் சாமான் அல்ல. பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்தால் 'டிக்' என்ற சத்தம் வர வேண்டும், காற்று வழி மாற வேண்டும். சத்தம் வந்தும் வழி மாறவில்லை என்றால் உள்ளே அழுக்கு. வேறு வண்டியில் இருந்து அதே மாதிரி மூன்று வழி வேக்குவம் சோலனாய்டு கிடைத்தால் பொருத்திக்கொள்ளலாம், ஹோஸ் முனை அளவு ஒத்துப்போனால் போதும்.

சிக்கல் வருவது ஆக்சுவேட்டரில்தான். புதிதாக வாங்க வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். பஜேரோ நிறைய ஓடும் வளைகுடா நாடுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் கிடைக்கிறது. விலையோடு சுங்கவரியும் சேரும். புதுப்பேட்டையில் பழையது கிடைத்தால் அதன் டயஃப்ரமும் உங்களுடையதைப் போலவே வயதானது என்பதை நினைவில் வையுங்கள். கடையிலேயே வேக்குவம் இழுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். இந்தக் கட்டத்தில்தான் மூன்றாவது வழி இரண்டாவதை வெல்கிறது.

மூன்றாவது வழி, முன் ஆக்சிலை நிரந்தரமாகப் பூட்டுவது. ஆக்சுவேட்டர் ராடைச் சேர்ந்த நிலைக்கு இழுத்து, நகராதபடி உலோகக் கிளாம்ப் போட்டு, வேக்குவம் ஹோஸ்களை அடைத்துவிட வேண்டும். பல் பொருந்துவதற்காக முன்சக்கரத்தைக் கையால் கொஞ்சம் சுற்ற வேண்டியிருக்கும். அவ்வளவுதான் வேலை. இனிமேல் 2எச், 4எச் எல்லாவற்றையும் லீவர் மட்டுமே தீர்மானிக்கும். 2எச்சில் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் முன்பக்கத்துக்குச் சக்தி அனுப்பாது; முன் ஷாஃப்டும் டிஃபரன்ஷியலும் சக்கரத்தோடு சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். தார்ச்சாலையில் இறுகாது, திருப்பத்தில் கட்டாது.

இதனால் வண்டி கெட்டுப்போகும் என்று சொல்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. எப்போதும் நான்கு சக்கரத்திலேயே ஓடும்படி கட்டப்பட்ட லேண்ட் ரோவர் டிஸ்கவரியில் முன் ஆக்சில் லட்சக்கணக்கான கிலோமீட்டர் இப்படித்தான் சுற்றுகிறது. இழப்பு இல்லாமலும் இல்லை. டீசல் கொஞ்சம் கூடும். முன் ஷாஃப்டின் கிராஸ் ஜாயின்ட் தேய்ந்திருந்தால் வேகத்தில் அதிர்வு தெரியும், அதை மாற்ற வேண்டும். ஆக்சிலின் ரப்பர் உறைகள் கிழிந்திருக்கின்றனவா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். 2எச்சில் முன்சக்கர விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும், 4எச்சில் நிலையாக எரியும். எரிச்சலாக இருக்கிறதென்று சுவிட்ச் வயரைக் கழற்றிவிடாதீர்கள். கிளாம்ப் நழுவினால் சொல்லப்போவது அந்த விளக்கு மட்டும்தான். அதே காரணத்துக்காகத்தான் பிளாஸ்டிக் டை வைத்துக் கட்டுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஸ்லீவ் பாதி சேர்ந்த நிலையில் நின்றால் பற்கள் ஒன்றோடொன்று உரசி உடையும். பிறகு ஆக்சிலையே இறக்க வேண்டும்.

மேகமலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், நெட்வொர்க்கே கிடைக்காத பாதையில் ஓடும் வண்டிக்கு நான் இதைத்தான் சொல்வேன். அங்கே வேக்குவம் ஹோஸ் ஒன்று கழன்றதற்காக இரவில் சேற்றில் நிற்கக் கூடாது. மழைச்சாலைக்கான 4எச்சும் இந்த வழியில் முழுதாகக் கையில் இருக்கிறது.

சோலனாய்டுகளை எடுத்துவிட்டு டேஷ்போர்டில் கை வால்வு ஒன்று வைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆக்சுவேட்டர் நன்றாக இருந்து, மின்பக்கம் மட்டும் போயிருந்தால் வேலை செய்யும். ஆனால் வண்டியை வேறொருவர் ஓட்டினால் வால்வைத் திருப்ப மறந்து 4எச்சில் போவார், விஸ்கஸ் கப்ளிங் கதை மறுபடி வரும். ஒரே ஆள் ஓட்டும் வண்டிக்கு மட்டும் சரி.

முன் ஷாஃப்டைக் கழற்றிவிடும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. சிமிட்டும் விளக்குக்காக வண்டியின் பாதித் திறமையை வெட்டி எறிவது அது. யாராவது தெரியாமல் 4எச் போட்டால் நடு டிஃபரன்ஷியலுக்கும் கெடுதல்.

ட்ரான்ஸ்ஃபர் கேஸ் மாற்றுவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு: சுமையில் செயின் தாவும் சத்தம், ஆயிலில் உலோகத் துகள், லீவர் எந்த நிலையிலும் நிற்காமல் நழுவுவது. இவற்றில் ஒன்றும் இல்லையென்றால் வேண்டாம். லீவர் 4எச்எல்சியில் சிக்கிக்கொண்டு வர மறுக்கிறது என்பதும் பல நேரம் பழுதல்ல. தார்ச்சாலையில் பூட்டோடு ஓட்டியதால் முறுக்கேறியிருக்கும். நேராகச் சில மீட்டர் பின்னால் எடுத்தால் விட்டுக்கொடுக்கும். முன்னும் பின்னும் வேறு அளவு டயர் போட்டிருந்தாலும் இதே தொல்லை வரும், அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விற்றுவிட்டு ஜிம்னியோ புதிய தாரோ வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சேசிஸ் துருப்பிடித்திருந்தால், இன்ஜினும் வேலை கேட்கிறது என்றால், விற்பது சரிதான். இந்த விளக்குக்காக மட்டும் விற்க வேண்டாம். அந்த இரண்டு வண்டியிலும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது, மழையில் தார்ச்சாலையில் 4எச் போட்டு நிம்மதியாக ஓட்டும் வசதியை அவை தராது.

பழைய பஜேரோ வாங்கப் போகிறவர்களுக்கும் இதே சோதனைகள் உதவும். விற்பவர் முன்னாலேயே அடியில் படுத்து முன் ஷாஃப்ட் இருக்கிறதா என்று பாருங்கள், 2எச்சில் கையால் சுற்றிப் பாருங்கள். பிறகு சாவியைத் திருப்பும்போது முன்சக்கர விளக்குகள் ஒருமுறையாவது எரிகின்றனவா என்று கவனியுங்கள். பல்பையே பிடுங்கிவிட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.